பவளத்துக்குப் போன நோட்டீஸ்

இன்பமணி சார் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்ற காலையில், மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. என் வீட்டையும் சேர்த்தால் நான்கு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்க்கிற நிதானம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது.

ஜீப்பின் நெற்றியில் ‘கடல் உயிரின மரபுத்தூய்மை ஆணையம்’ என்று புதுப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுதியவர் கொஞ்சம் சிக்கனக்காரர் போலிருக்கிறது. அடியில் ‘கால்நடை’ என்ற பழைய எழுத்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆணையத்தின் பியூன் மாடக்கண்ணு இறங்கினார்.

“இன்பமணிங்கது யாரு?”

“நான்தான். உள்ள வாங்க.”

“உக்கார நேரமில்ல சார். சிப்பி வச்சிருக்கது நீங்கதான?”

“ஆமா, முத்துச்சிப்பி.”

“அது சிப்பி இல்லயாம். பவளமாம். இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க.”

சார் பேனாவைத் திறந்து, தேதி போட்டு, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் நோட்டீஸை வாசித்தார். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் கேள்வியை முதலில் வாசி, அப்புறம் எழுது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மாடக்கண்ணு சுற்றிலும் பார்த்தபோது, காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தெரிந்த தலைகளில் என்னுடையது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அன்று போட்ட ஒரு கையெழுத்தால் இந்த வழக்கின் நிரந்தர சாட்சி ஆனேன். விசாரணை எங்கே நடந்தாலும் நான் போயாக வேண்டும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

இன்பமணி சார் சாயர்புரத்துப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் எங்கள் தெருவில் மாடி எடுப்பார்கள், அல்லது சர்க்கரை வியாதிக்கு நடப்பார்கள். இவர் தருவைகுளத்தில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, உள்ளே பைபர் தொட்டிகளை வைத்து, கடல் தண்ணீரை நிரப்பி, முத்துச்சிப்பி வளர்த்தார். முத்துக்காக இல்லை. சிப்பிக்காக. இதைத்தான் அவர் மனைவி ஜெயஷீலாவால் சபைப் பெண்களிடம் விளக்க முடியவில்லை.

“எல்லா வீட்லயும் ஆம்பளைய ரிட்டயர் ஆனா பேரப்பிள்ளைக்கு ஊட்டுதாவ. எங்க வீட்ல சிப்பிக்கு ஊட்டுதாவ, செல்வியக்கா” என்பாள் என்னிடம். ஊட்டுவது என்றால் பாசியை வளர்த்து அந்தப் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது. காலையும் மாலையும், எட்டு வருடமாக.

சங்கு குளிக்கிற மரியான் ஒரு நாள் கடலடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்த ஒரு கூடைச் சிப்பியில் ஆரம்பித்தது. ஒவ்வொரு கோடையிலும் கடல் கொதித்து, தொட்டித் தண்ணீரும் கொதித்து, பாதி செத்துப்போகும். சாகாததை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பார். அடுத்த கோடையில் அதில் பாதி போகும். இப்படிக் கழித்துக் கழித்து, எந்த வெக்கைக்கும் அசையாத நானூறு சிப்பி மிஞ்சியிருந்தது. அவற்றை ஐப்பசி மழைக்கு முன்னால் கடலில் கொண்டுபோய்ப் பாரில் இறக்க வேண்டும். பார் என்றால் கடலுக்கு அடியில் முத்துச்சிப்பி படுத்துக் கிடக்கும் மேடு. அங்கே முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மணல்தான் படுத்துக் கிடக்கிறது என்று மரியான் சொல்கிறான்.

“நானூறு சிப்பிய எறக்குனா பார் திரும்பிருமா சார்?” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“திரும்பாது” என்றார். “ஆனா பூச்சியத்துக்கும் நானூறுக்கும் வித்தியாசம் இருக்குல்லா.”

மரியானின் வள்ளத்தில் ஏற்றி, அதிகாலையில் போய், சத்தமில்லாமல் இறக்கிவிட்டு வந்திருந்தால் எவனும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் சார் எதற்கும் கடிதம் எழுதுகிற ஆள். தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் எழுதுவார், எரிந்தால் நன்றி எழுதுவார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பழக்கம். ‘ஐயா, அடியிற்கண்டவாறு’ என்று ஆரம்பித்து, நான்கு விரல் மார்ஜின் விட்டு, சிப்பியைக் கடலில் இறக்க அனுமதி கேட்டு அவரேதான் ஆணையத்துக்கு எழுதினார். அப்படி ஒரு ஆணையம் இருப்பதை எங்கள் தெருவில் வேறு யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நானூறு போக உபரியாக இருந்த நான்கு சிப்பியை ஆணையம் வாங்கிக்கொண்டுபோய்ச் சோதித்தது. ஒரு மாதம் கழித்து, அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற வேல்விழி என்ற பெண், முடிவைச் சொல்ல ஸ்கூட்டியில் நேரிலேயே வந்தது. அப்போதும் நான் துணி காயப்போடத்தான் மாடிக்குப் போனேன். எங்கள் மாடிக்கும் அவர்கள் வராந்தாவுக்கும் இடையில் ஆறடி இருக்கும்.

“சார், ஒங்க சிப்பிக்குள்ள ஒரு மரபணுத் துண்டு இருக்கு. அது சிப்பியோட சொந்தத் துண்டு இல்ல. பவளத்துக்குள்ள இருக்கது” என்றது அந்தப் பெண்.

“அதெப்படிம்மா? சிப்பியும் பவளமும் கூடாதுல்லா?”

“கூட வேண்டாம் சார். பெத்ததுகிட்ட இருந்து பிள்ளைக்கு வாரது ஒரு வழி. எப்பவாச்சும், லட்சக்கணக்கான வருசத்துல ஒரு தடவ, பக்கத்துல கெடக்க வேற உயிர்கிட்ட இருந்து ஒரு துண்டு தாவி வந்து ஒட்டிக்கிடும். வைரஸ் தூக்கிட்டு வந்திருக்கும்னு சொல்லுதாங்க. ஒட்டுனது அப்புறம் பரம்பரையா எறங்கிரும். மாட்டுக்குள்ள பாம்போட துண்டு இருக்கு. நமக்குள்ளயே நூத்துக்கு எட்டுப் பங்கு பழைய வைரஸ் மிச்சந்தான்.”

சார் எழுந்து நின்றுவிட்டார். அந்த வயதில் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. “ஏளா ஷீலா, கேட்டியா? நம்ம சிப்பிக்குள்ள பவளம் இருக்காம்” என்று உள்ளே கத்தினார். சாயந்தரம் தெருவில் வீட்டுக்கு நாலு மக்ரூன் வந்தது. ராத்திரியே உட்கார்ந்து ஆணையத்துக்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதிவிட்டார்.

அந்தக் கடிதம் போன பதினைந்தாம் நாள்தான் ஜீப் வந்தது.

விசாரணைக்குச் சார், ஜெயஷீலா, நான் என்று மூன்று பேரும் போனோம். ஆணையம் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. நான் உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் ‘பொதுப்பணி’ என்று இருந்தது. பீரோவில் ‘குடும்பநலம்’. மேசையில் ஏதோ ஒரு தேர்தலின் பெயர். ஆட்களும் அப்படித்தான். எட்டுப் பேரும் எட்டுத் துறையிலிருந்து அயற்பணியில் வந்தவர்கள் என்று மாடக்கண்ணு பெருமையாகச் சொன்னார். அவரே நூலகத்திலிருந்து வந்தவர். வேல்விழி ஒருத்திதான் இந்த வேலைக்கென்றே எடுக்கப்பட்டவள். அவளுக்குத்தான் நிரந்தரம் இல்லை.

மண்டல மரபு அலுவலர் லிங்கராஜ், பத்திரப் பதிவுத் துறையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு டீ வரவழைத்தார். சாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று தனியாக வரவழைத்தார்.

“சார், நீங்க படிச்சவங்க. மரபுன்னா என்ன? மேல இருந்து கீழ வாரது. அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு. அதுக்கு வாரிசுரிமைன்னு பேரு. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருந்து நமக்கு ஒண்ணு வருதுன்னா?”

“என்ன சார்?”

“பத்திரம் இருக்கணும். கிரயமா, தானமா, குத்தகையா? பவளம் இந்தத் துண்ட சிப்பிக்கு வித்துச்சா, சும்மா குடுத்துச்சா, இல்ல சிப்பியே அபகரிச்சுக்கிடுச்சா? இதுல எதுக்குமே உங்க மனுவுல ஆதாரம் இல்ல.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நடந்து பல லட்சம் வருசம் இருக்கும்னு சொல்லுதாங்க சார்.”

“அப்ப பல லட்சம் வருசமாப் பதியாம வச்சிருக்கீங்க.”

“நானா?”

“இப்ப அனுபவத்துல யாரு இருக்காவளோ அவங்கதான பொறுப்பு.”

பிறகு லிங்கராஜ் ஃபைலைத் திறந்து, சாரின் நன்றிக் கடிதத்தை எடுத்து, மூன்றாவது வரியை வாசித்தார். “‘பவளத்தின் ஒரு பகுதியை என் சிப்பிகள் தாங்கி நிற்பது குறித்து அளவிலாப் பெருமிதம் அடைகிறேன்.’ இது உங்க கையெழுத்துதான?”

“ஆமா.”

“நல்லா இருக்கு. என் மகளுக்கெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும்.” கடிதத்தைத் திரும்ப வைத்தார். “பவளம் வச்சிருக்கது வன உயிரினச் சட்டப்படி குத்தம். இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. பெருமிதம் வேற. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?”

கிட்டங்கிக்கு அன்றே சீல் வைக்க உத்தரவானது. காற்றுக் குழாய் ஓடலாம். கரண்ட் வேறு துறை.

“அதுகளுக்குத் தீனி வைக்கணுமே சார்” என்றார் இன்பமணி சார்.

“சிப்பின்னு முடிவானா சிப்பித் தீனி வைங்க. பவளம்னு முடிவானா பவளத்துக்கு உண்டானத வைங்க. முடிவாகுறதுக்கு முன்னாடி எதையாச்சும் வச்சு, அது மாறிப் போச்சுன்னா, பாதுகாக்கப்பட்ட உயிருக்குத் தவறான உணவு குடுத்தது இன்னொரு குத்தமாயிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

சார் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். தீனி இல்லாமல் எத்தனை நாள் என்ற கணக்கு. நாற்பது வந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார், பள்ளிக்கூடத்தில் விடைக்குப் போடுவது போல.

கிளம்பும்போது அவருக்கு என்ன தோன்றியதோ, வாசலில் நின்று திரும்பினார். “சார், மனுசனுக்குள்ளயும் வைரஸ் துண்டு எட்டுப் பங்கு இருக்காம். எனக்குள்ள இருக்கு, ஒங்களுக்குள்ளயும் இருக்கு. அப்ப நாம யாரு?”

லிங்கராஜ் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். “நல்ல கேள்வி” என்றார். “ஆனா மனுசன் நம்ம வரம்புல இல்ல. கடல்ல எறங்குனாத்தான் வருவான்.”

நல்ல கேள்வி என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால் பயப்பட வேண்டும். அடுத்த வாரமே கடற்கரையில் போர்டு வந்துவிட்டது: ‘முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவோர் மரபுத்தூய்மைச் சான்று வைத்திருத்தல் வேண்டும்.’ ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போனவர்கள் எல்லாரும் முழங்கால் வரை இறங்கி, சேலையையும் பேன்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலைக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது விசாரணையில், கொடுத்த தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று லிங்கராஜ் கண்டுபிடித்தார். எனவே பவளத்துக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார். ‘மேற்படி மரபணுவைத் தாங்கள் சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் வழங்கினீர்களா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் நேரிலோ பிரதிநிதி மூலமோ தெரிவிக்கவும்.’ கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டியவர் மாடக்கண்ணு. அவருக்கு நீச்சல் தெரியாது.

மரியானை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கதையை மாடக்கண்ணு எங்கள் தெருவில் உட்கார்ந்து, ஜெயஷீலா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். முதலில் மரியானிடமே சான்று கேட்டிருக்கிறார்.

“ஏலே, கடல்ல எறங்குத, சான்று எங்க?”

“எங்க அப்பன் எறங்குனான், தாத்தன் எறங்குனான். நீரு வள்ளத்துல ஏறும், எறக்கி விடுதேன். ஒமக்கும் சேத்து வாங்கிக்கிடலாம்” என்றிருக்கிறான் மரியான்.

மூன்று நாள் போனார்கள். மூன்று நாளும் மரியான் அடியில் போய், லாமினேட் செய்த நோட்டீஸைப் பவளத்தின் முன்னால் நீட்டிவிட்டு, மேலே வந்து, வாங்கவில்லை என்று சொன்னான். ‘தரப்பினர் பெற்றுக்கொள்ள மறுப்பு’ என்று மாடக்கண்ணு எழுதிக்கொண்டார். மறுத்தால் வீட்டு வாசலில் ஒட்ட வேண்டும் என்பது விதி. பசை தண்ணீரில் நிற்காது. ஆகவே ஆணியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தார்.

“அண்ணாச்சி, அது பாறை இல்ல. உசுரு. ஆணி அடிக்கக் கூடாது” என்றிருக்கிறான் மரியான்.

“அப்ப கெட்டிட்டு வா.”

நைலான் கயிற்றில் கட்டும்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு உடைந்து கையோடு வந்துவிட்டது. மரியானுக்கு முகம் செத்துப்போய்விட்டது. மாடக்கண்ணுவோ அதை வாங்கி, நோட்டீஸ் சேர்ந்ததற்கு ஒப்புகையாக ஃபைலில் கட்டிவிட்டார்.

“பவளம் என்ன செஞ்சுது மரியான்?” என்று சார் அப்புறம் கேட்டார்.

“என்ன செய்யும் சார்? பாதி வெள்ளையாக் கெடக்கு. கடல் கொதிச்சதுல போன வருசமே போய்ச் சேந்துட்டு.”

இது விசாரணையில் பதிவானது. தரப்பினர் இறந்துவிட்டதால் அவருடைய சட்டபூர்வ வாரிசுகளின் சான்றிதழைச் சமர்ப்பிக்குமாறு இன்பமணி சாருக்கு உத்தரவு. கூடவே, அவருடைய வழக்கின் பொருட்டுப் பவளம் உடைக்கப்பட்டதால் அவர் மீது இரண்டாவது வழக்கு. அதற்கு ஆதாரம் ஆணையத்தின் ஃபைலிலேயே நூல்போட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று லிங்கராஜ் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஃபேன் நின்றிருந்தது.

“நீங்க என்னய தப்பா நினைக்கக் கூடாது சார். எனக்குச் சிப்பி மேல கோவமா? கெடையாது. ஆனா ஒரு ஒழுங்கு வேணும்லா? அப்பன் பாட்டன் குடுத்தத வச்சு ஒவ்வொரு உயிரும் வாழணும். அக்கம்பக்கத்துல கைநீட்டக் கூடாது. என்னயே எடுத்துக்கிடுங்க. எங்கப்பா பதிவுத் துறைல இருந்தாங்க. வேலைல இருக்கும்போதே தவறிட்டாங்க. கருணை அடிப்படைல எனக்குப் போட்டாங்க. எவ்வளவு சுத்தம்.”

“இந்த ஆபீசுக்கு எப்படி சார் வந்திய?” என்று கேட்டது நான்தான். சாட்சி கேள்வி கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

“இங்கயா? மச்சினன் மெட்ராஸ்ல ஒரு ஆள்கிட்ட சொன்னான். அது வேற, நிர்வாகம்.”

இதற்கிடையில் வேல்விழி ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டது. இந்தக் கடலில் உள்ள எல்லா முத்துச்சிப்பியிலும் அந்தத் துண்டு இருக்கிறது, அது சிப்பிதான், உடனே தீனி வைக்கவும் என்று ஒரே ஒரு பக்கம். அதை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆணையத்துக்குப் புதுக் கிளை திறந்திருக்கிறதாம். கடல் வரட்டும் என்று காத்திருப்பார்கள் போல.

இன்பமணி சார் தினமும் காலையில் பஸ் பிடித்துத் தருவைகுளம் போய், சீல் வைத்த கதவுக்கு வெளியே ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே காற்றுக் குழாய் ஓடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மத்தியானம் திரும்புவார். கையில் பச்சைத் தண்ணீர்க் குடம் இருக்கும். கொண்டுபோனது அப்படியே திரும்பி வரும். வீட்டுத் தென்னைக்கு ஊற்றுவார்.

இருபத்தெட்டாம் நாள் ஜெயஷீலா பொறுக்க மாட்டாமல் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“நான் போய் உடைக்கேன். பொம்பளய என்ன செஞ்சிருவானுவ?”

“வேண்டாம் ஷீலா. அறிக்கை மேல போயிருக்கு. சீல உடைச்சா அதுவும் செல்லாமப் போயிரும். நாலு நாள்ல வந்துரும்.”

“எட்டு வருசம் பிள்ளை மாதிரி வளத்துட்டு, கதவுக்கு வெளிய உக்காந்து சத்தம் கேக்கியளே, ஒங்களுக்கு வயிறு எரியலயா?”

“எரியுது. அதுக்கு எவன் கதவ உடைக்கச் சொன்னான்? நான் இன்னொரு கடிதம் எழுதியிருக்கேன்.”

“ஒங்க எழுத்து அழகா இருக்குன்னு நாப்பது வருசமா சொன்னேன் பாத்தியளா, அது என் தப்பு” என்று சொல்லிவிட்டு சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். அது இரண்டு நாள் வாசலிலேயே கிடந்தது. நான் எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

சாரின் கணக்கு தப்பவில்லை. முப்பத்தொன்பதாம் நாள் தருவைகுளத்தில் வாடை கிளம்பியது. பக்கத்து உப்பளத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போன் செய்தார்கள். மாடக்கண்ணு போய்ப் பார்த்து, சீல் பத்திரமாக இருப்பதை உறுதி செய்து, ‘துர்நாற்றம் உள்ளது. இனம் தெரியவில்லை’ என்று குறித்துக்கொண்டு வந்தார்.

ஆணை அதற்குப் பதினோரு நாள் கழித்து வந்தது. மேலிடம் வேல்விழியின் அறிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டிருந்தது. பவளத் துண்டு உள்ள சிப்பியே தூய மரபுச் சிப்பி. துண்டு இல்லாத சிப்பி எதுவும் இனிமேல் கண்ணில் பட்டால் அதுதான் கலப்பு, அதைப் பறிமுதல் செய்ய வேண்டும். இன்பமணியின் சிப்பிகள் குற்றமற்றவை. அவற்றை மாத முடிவுக்குள் அலுவலர் முன்னிலையில் பாரில் இறக்கிப் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். தூத்துக்குடி மண்டலத்துக்கு இந்த ஆண்டின் இலக்கு நானூறு.

கிட்டங்கியைத் திறந்தபோது நானும் போனேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது. காற்றுக் குழாய் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நானூறும் வாயைத் திறந்து கிடந்தன. சார் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினார். உள்ளே ஒன்றும் இல்லாமல், ஓடு மட்டும், உட்பக்கம் பளபளவென்று இருந்தது.

லிங்கராஜுக்குப் போன் போட்டுச் சொன்னார். “சார், எல்லாம் செத்துப் போச்சு.”

“ஓடு இருக்குல்லா?”

“ஓடு இருக்கு.”

“போதும் சார். ஆணைல ‘சிப்பிகளை’ன்னுதான் இருக்கு. ‘உயிருள்ள’ன்னு போடல, நான் ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்துட்டேன். எறக்கலேன்னா பழைய ஃபைல் மூடாது, பாத்துக்கிடுங்க. செத்ததுக்கு யாரு பொறுப்புன்னு புதுசா ஒரு ஃபைல் தொறக்க வேண்டி வரும். உங்க நல்லதுக்குத்தான்.”

போக மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஜெயஷீலாவும் போக வேண்டாம் என்றாள். அவர் கூடையில் சிப்பியை அடுக்கிக்கொண்டே, “அதுக போக வேண்டிய எடம் அதுதான” என்றார்.

தருவைகுளம் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். லிங்கராஜ் பேசினார். “இன்றைக்குக் கடலுக்கு அதன் சொத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். பக்கத்து உயிரிடமிருந்து ஒரு துண்டை வாங்கி, அதைப் பரம்பரையாகப் பேணிக் காத்த இந்தச் சிப்பிகள் நமக்கெல்லாம் ஒரு பாடம்” என்றார். பொறுப்பாகக் கைதட்டினோம். இரண்டு மாதத்துக்கு முன் அபகரித்தது என்று சொன்ன அதே வாய்தான். பிறகு ஆணையம், மரியான், போட்டோக்காரர், சார், சாட்சி என்று எல்லாரும் வள்ளத்தில் ஏறினோம்.

நடுக்கடலில் போட்டோக்காரர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். வாய் திறந்து கிடப்பதால் சிப்பி செத்தது போலத் தெரிகிறதாம். மாடக்கண்ணு அதற்கும் தயாராக வந்திருந்தார். பையிலிருந்து ஆபீஸ் ரப்பர் பேண்டுகளை எடுத்து, ஒவ்வொரு சிப்பியையும் மூடி, ஒரு ரப்பரைச் சுற்றினார். லிங்கராஜும் குனிந்து உதவினார். அரைமணி நேரத்தில் நானூறும் வாயை மூடிக்கொண்டு, உயிருள்ள சிப்பி போலவே, கூடைக்குள் இருந்தன.

பார் வந்துவிட்டது என்று மரியான் எஞ்சினை நிறுத்தினான். சார் முதல் சிப்பியை எடுத்தார். ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். சிப்பி மெதுவாக வாயைத் திறந்தது. அதைத் தண்ணீருக்குள் கையோடு அமிழ்த்தி விட்டார். ஒரு முறை புரண்டு, உட்பக்கம் ஒரு தடவை மின்னி, கீழே போனது.

“சார், ரப்பரக் கழட்டாதீங்க” என்றார் போட்டோக்காரர்.

“கடல்ல ரப்பர் போடக் கூடாது தம்பி. மீன் தின்னுரும்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்ததை எடுத்தார்.

போட்டோவுக்கு நாலு போதும் என்று லிங்கராஜ் சொன்னார். மற்றதைக் கூடையோடு கவிழ்த்துவிடலாம், வெயில் ஏறுகிறது என்றார். சார் கேட்டதாகவே தெரியவில்லை. ஒன்றை எடுத்து, ரப்பரைக் கழற்றி, கையில் மாட்டி, தண்ணீரில் விட்டு, அடுத்ததை எடுத்தார். மணிக்கட்டு நிறைந்து முழங்கை வரை ஏறியது. இந்தக் கை நிறைந்ததும் அந்தக் கையில் மாட்ட ஆரம்பித்தார். ஆணையம் முழுவதும் வள்ளத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டன.

“கழட்டுங்க சார், ரத்தம் நிக்குது” என்றான் மரியான்.

சார் உணர்ச்சியில்லாத விரலால் கூடைக்குள் துழாவி அடுத்த சிப்பியை எடுத்தார்.